கூடாரப் பண்டிகையும் மேசியானிய யூதரும்: நிறைவேற்றத்திற்குக் காத்திருக்கும் விழா

ஆய்வுச்சுருக்கம்

யூத நாட்காட்டியின் இலையுதிர்கால விழாக்களுள் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் ஆகியவற்றைத் தொடர்ந்து வருவது சுக்கோத் எனப்படும் கூடாரப் பண்டிகையாகும். இயேசுவை மேசியாவாக ஏற்கும் மேசியானிய யூதர்கள் இவ்விழாவிற்குத் தனித்ததோர் ஆன்மிகப் பொருள் காண்கின்றனர். அப்பொருள் எந்த மூலங்களிலிருந்து உருவானது, எந்த வரலாற்றுச் சூழலில் மீண்டும் எழுந்தது, அதன் வலிமையும் வரம்பும் யாவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பஸ்கா, பெந்தெகொஸ்தே ஆகியவற்றைப் போலன்றி, கூடாரப் பண்டிகை கிறித்தவ நாட்காட்டிக்குள் இடம்பெறவில்லை. அந்த இன்மையே மேசியானிய நம்பிக்கையாளர் இதனை நிறைவேற்றத்திற்குக் காத்திருக்கும் விழாவாகக் கொள்ள வழிவகுத்தது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: சுக்கோத், கூடாரப் பண்டிகை, மேசியானிய யூதர், மிஷ்னா, யோவான் நற்செய்தி, சகரியா.

முன்னுரை

ஆண்டிற்கு மூன்று முறை இசுரயேல் மக்கள் கடவுளின் திருமுன் கூடவேண்டும் என்று உபாகமம் (16:16) விதிக்கிறது. அம்மூன்று திருப்பயண விழாக்களுள் பஸ்காவின் பொருள் கிறித்தவத்தின் உயிர்த்தெழுதல் விழாவிற்குள் சென்றது. வாரங்களின் விழாவாகிய ஷாவுவோத், தூய ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளாக நிலைபெற்றது. மூன்றாவதாகிய கூடாரப் பண்டிகைக்கு மட்டும் பெரும்பான்மைத் திருச்சபைகளின் நாட்காட்டியில் நேரான இணை அமையவில்லை. இவ்வேறுபாட்டின் காரணமும் விளைவும் சமய வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கவை.

தமிழில் வழங்கும் 'கூடாரம்' என்னும் சொல் குறித்து முதலில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. கூடாரம் என்றதும் துணியால் அமைந்த பாசறை வீடே தமிழ் வாசகரின் மனத்தில் தோன்றும். எபிரேயத்தில் அதற்கு 'ஓஹெல்' என்னும் வேறு சொல் உண்டு. 'சுக்கா' என்பதோ தழைகளால் கூரை வேயப்பட்ட தற்காலிகக் குடில். தமிழரின் பந்தலுக்கு நெருக்கமானது. தமிழ் விவிலிய வழக்கில் ஊன்றிவிட்ட சொல் என்பதால் 'கூடாரப் பண்டிகை' என்னும் பெயரே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

விழாவின் மூன்று அடுக்குகள்

எபிரேய விவிலியத்தில் இவ்விழா மூன்று பொருள் அடுக்குகளைக் கொண்டுள்ளது. முதலாவது அறுவடை. களத்தின் தானியமும் ஆலையின் திராட்சைச் சாறும் சேர்க்கப்பட்டபின் ஏழு நாட்கள் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று உபாகமம் (16:13-15) கூறுகிறது. இரண்டாவது நினைவு. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் குடில்களில் தங்கியதைப் பின்வரும் தலைமுறைகள் அறியும்பொருட்டு, ஏழாம் மாதமாகிய திஷ்ரியின் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாட்கள் குடில்களில் வாழுமாறு லேவியராகமம் (23:33-43) விதிக்கிறது. மூன்றாவது எதிர்காலம். எருசலேமுக்கு எதிராக வந்த இனங்களுள் எஞ்சியோர் ஆண்டுதோறும் அங்குச் சென்று கூடாரப் பண்டிகையைக் கொண்டாடுவர் என்று சகரியா (14:16) முன்னுரைக்கிறது.

விளைந்ததற்கு நன்றி, கடந்ததன் நினைவு, வரவிருப்பதன் எதிர்பார்ப்பு என்னும் மூன்றும் ஒரே விழாவில் இணைந்திருப்பதே இதன் தனித்தன்மை எனலாம். களஞ்சியம் நிறைந்திருக்கும் பருவத்தில் உறுதியான வீட்டைவிட்டு வெளியேறி, விண்மீன்கள் தெரியும் தழைக் கூரையின்கீழ் மனிதன் தங்குகிறான். செல்வத்தின் நடுவில் நிலையாமையை உணர்த்தும் இம்முரண் விழாவின் ஆன்மிக மையமாகும். அஷ்கெனாசி யூதர் இவ்விழா நாட்களில் நிலையாமை பேசும் பிரசங்கி நூலை வாசிக்கும் வழக்கம் இதனோடு பொருந்துகிறது.

குடில் எதனை நினைவூட்டுகிறது என்பதில் யூத அறிஞரிடையேயும் கருத்து வேறுபாடு இருந்தது. அவை உண்மையான குடில்களே என்று ஒரு சாராரும், பாலைவனத்தில் மக்களைச் சூழ்ந்திருந்த இறைமாட்சியின் மேகங்களே என்று மற்றொரு சாராரும் கொண்டமையைப் பாபிலோனியத் தல்மூத் (சுக்கா 11ஆ) பதிவு செய்துள்ளது. குடிலை இறைப் பிரசன்னத்தின் குறியீடாகக் காணும் மரபு மேசியானிய விளக்கத்திற்கு முன்பே யூத சமயத்துள் இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

ஆலயத்தில் நீரும் ஒளியும்

எருசலேம் ஆலயம் நிலைத்திருந்த காலத்தில் இவ்விழாவில் நிகழ்ந்த இரு சடங்குகளைக் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா விவரிக்கிறது. முதலாவது நீர் வார்க்கும் சடங்கு. சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் நீர் முகந்து, நீர்வாயில் வழியாக எக்காள ஒலியுடன் கொணர்ந்து, பலிபீடத்தில் திராட்சை மதுவுடன் வார்த்தனர் (சுக்கா 4:9). இசுரயேல் நாட்டில் கோடை முழுவதும் மழை பெய்வதில்லை; இலையுதிர்காலத்திலேயே மழைப்பருவம் தொடங்கும். விழாவின்போது நீரைக் குறித்து உலகம் தீர்ப்புப் பெறுகிறது என்னும் மிஷ்னாக் கருத்து (ரோஷ் ஹஷானா 1:2) இப்பின்னணியில் விளங்கும். வரும் ஆண்டின் விளைச்சலும் உயிர்வாழ்வும் மழையைச் சார்ந்திருந்தமையால், இச்சடங்கு உழவர் சமூகத்தின் உயிர் வேண்டுதலாகவே இருந்தது.

இரண்டாவது ஒளி. ஆலயத்தின் மகளிர் முற்றத்தில் உயர்ந்த பொன் விளக்குத் தண்டுகள் நிறுவப்பட்டன. ஆசாரியரின் தேய்ந்த ஆடைகளே திரிகளாக்கப்பட்டன. அவ்வொளி எருசலேமின் முற்றங்கள்தோறும் எட்டியது என்கிறது மிஷ்னா (சுக்கா 5:2-3). மேலும், நீர் முகக்கும் அவ்விடத்தில் மக்கள் தூய ஆவியையும் முகந்தனர் என்னும் பொருளில் எருசலேம் தல்மூத் (சுக்கா 5:1) விளக்கம் தருகிறது. நீரையும் தூய ஆவியையும் இணைக்கும் இச்சிந்தனை யூத மரபிற்குள்ளேயே காணப்படுவது குறிப்பிடத்தக்கது.

கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை அழித்தபின் இச்சடங்குகள் நின்றன. ஆயினும் குடிலும், பேரீச்சங்குருத்து முதலிய நால்வகைத் தாவரங்களும் நிலைத்தன. பார் கோக்பா கிளர்ச்சிக் (132-135) காசுகளில் பேரீச்சங்குருத்தும் எத்ரோக் எனும் நாரத்தை வகைக் கனியும் பொறிக்கப்பட்டன. விழாவிற்கான தாவரங்களை அனுப்புமாறு கேட்கும் அக்காலக் கடிதமும் யூதேயப் பாலைவனக் குகையில் கிடைத்துள்ளது. போரின் நடுவிலும் இவ்விழா கைவிடப்படவில்லை என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன.

யோவான் நற்செய்தியின் சாட்சியம்

மேசியானிய விளக்கத்தின் அடித்தளம் யோவான் நற்செய்தியின் ஏழாம், எட்டாம் அதிகாரங்களாகும். கூடாரப் பண்டிகைக்கு இயேசு எருசலேம் சென்றதாகவும், விழாவின் இறுதிப் பெருநாளில் தாகமுள்ளோரைத் தம்மிடம் அழைத்ததாகவும் அந்நற்செய்தி கூறுகிறது. உயிருள்ள நீர் என்பது தூய ஆவியைக் குறித்தது என்று நற்செய்தியாளரே விளக்குகிறார் (7:37-39). அடுத்துத் தம்மை உலகின் ஒளியாக இயேசு அறிவிக்கும் பகுதி வருகிறது (8:12). இடையில் உள்ள, குற்றம் சாட்டப்பட்ட பெண்ணைப் பற்றிய பகுதி, மிகப் பழைய பாப்பிரசுப் படிகளில் இல்லை. அப்படிகளின்படி நோக்கினால் நீர் பற்றிய உரையும் ஒளி பற்றிய உரையும் மேலும் நெருங்கி அமைகின்றன. விழாவின் இரு சடங்குகளோடும் அவை இணையாகின்றன.

இங்கு ஒரு வரம்பையும் சுட்டவேண்டும். சடங்குகளை விவரிக்கும் மிஷ்னா ஆலய அழிவுக்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின் தொகுக்கப்பட்டது. 'இறுதிப் பெருநாள்' ஏழாம் நாளா, எட்டாம் நாளா என்பதிலும் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனவே இவ்விணைப்பை வலுவான உய்த்துணர்வு எனக் கொள்ளலாமேயன்றி, ஐயத்திற்கு இடமில்லாத மெய்ம்மையெனக் கொள்ள இயலாது.

இதே நற்செய்தியின் முன்னுரையில் (1:14) வார்த்தை மனிதராகி மக்களிடையே தங்கியதைக் குறிக்கும் கிரேக்க வினை, கூடாரம் எனப் பொருள்படும் பெயரிலிருந்து பிறந்தது. பரவலாக வழங்கும் தமிழ் விவிலியப் பழைய மொழிபெயர்ப்பில் 'வாசம்பண்ணினார்' என்னும் சொல் இடம்பெறுவதால் இவ்விழாத் தொடர்பு தமிழ் வாசகருக்குப் புலப்படுவதில்லை. மேசியானிய நம்பிக்கையாளர்க்கோ இவ்வினையே விழாவின் திறவுகோல்: குடில் போன்ற நிலையற்ற மனித உடலில் இறைவன் தங்கினார் என்பதே அவர்தம் வாசிப்பு.

பிரிவின் வரலாறு

தொடக்ககாலக் கிறித்தவர் இவ்விழாவை முற்றிலும் அறியாதிருக்கவில்லை. ஒலிம்பசின் மெத்தோடியசு தமது 'விருந்து' என்னும் நூலில் இதனை உயிர்த்தெழுதலின் உருவகமாக விளக்கினார். ஆனால் அவர் வாசிப்பில் விழா உருவகமாக நின்றதேயன்றி, கொண்டாடப்படும் நாளாக நிற்கவில்லை. அந்தியோக்கியாவில் 386ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் யோவான் கிறிசோஸ்தோம் ஆற்றிய மறையுரைகள், எக்காள விழாவிலும் கூடாரப் பண்டிகையிலும் நோன்பிலும் யூதரோடு கலந்துகொண்ட கிறித்தவரைக் கடுமொழியால் கண்டித்தன. அதே நூற்றாண்டைச் சார்ந்த லவோதிக்கேயா சங்க விதிகள் யூதரோடு இணைந்து விழாக் கொண்டாடுவதைத் தடைசெய்தன. வழக்கில் இல்லாத ஒன்றைத் தடைசெய்யத் தேவையில்லை; எனவே இத்தடைகளே அக்கலப்பு வழக்கிற்குச் சான்றாகின்றன.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எரோணிமுசு தமது சகரியா உரையில், வருங்கால ஆட்சியில் கூடாரப் பண்டிகை உண்மையாகவே கொண்டாடப்படும் என எதிர்பார்த்த யூதரையும் யூதச் சார்புக் கிறித்தவரையும் மறுக்கிறார். இன்றைய மேசியானிய எதிர்பார்ப்பு புதியதன்று என்பதையும், அது திருச்சபையின் பெருமரபால் ஒதுக்கப்பட்டது என்பதையும் இம்மறுப்பு ஒருங்கே காட்டுகிறது.

மேசியானிய இயக்கமும் விழாவின் மீட்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவம் தழுவிய யூதர்கள் பெரும்பாலும் திருச்சபைகளில் கலந்தனர். யூத அடையாளத்தை விடாது இயேசுவை ஏற்கலாம் என்னும் கருத்தை 1880களில் கிசினேவில் யோசேப்பு ரபினோவிச் முன்வைத்தார். அமெரிக்காவில் 1915இல் தோன்றிய எபிரேயக் கிறித்தவர் கூட்டமைப்பு 1975இல் மேசியானிய யூதர் கூட்டமைப்பு எனப் பெயர் மாறியது. 1979இல் மேசியானிய யூதச் சபைகளின் ஒன்றியம் உருவானது. இப்பெயர் மாற்றம் வழிபாட்டு மாற்றத்தையும் சுட்டியது. ஓய்வுநாளும் விழாக்களும் சபை வாழ்வின் மையமாயின.

இவ்வியக்கத்தாரிடையே பரவலாக வழங்கும் விளக்கத்தின்படி, பஸ்காவும் பெந்தெகொஸ்தேயும் மேசியாவின் முதல் வருகையில் நிறைவேறின. இலையுதிர்கால விழாக்கள் அவரது இரண்டாம் வருகையைச் சுட்டுகின்றன. எக்காளம் அழைப்பையும், பாவநிவாரண நாள் மனமாற்றத்தையும், கூடாரப் பண்டிகை இறைவன் மனிதரோடு நிலையாகத் தங்குவதையும் குறிக்கின்றன. வெளிப்படுத்தல் நூலில் பலவினத்தார் பேரீச்சங்குருத்துகளோடு நிற்கும் காட்சியும் (7:9), கடவுளின் கூடாரம் மனிதரிடையே அமையும் காட்சியும் (21:3) இதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆகவே குடில் அமைத்தல் அவர்களுக்கு நினைவுச் செயலாக மட்டுமின்றி எதிர்பார்ப்புச் செயலாகவும் அமைகிறது.

பிறப்பு நாள் பற்றிய கருதுகோள்

இயேசு கூடாரப் பண்டிகையின்போது பிறந்தார் என்று மேசியானிய எழுத்தாளர் சிலர் வாதிடுகின்றனர். செக்கரியா அபியா பிரிவைச் சேர்ந்த ஆசாரியர் என்னும் லூக்காவின் குறிப்பும் (1:5), 24 பிரிவுகளுள் அபியா எட்டாவது என்னும் குறிப்பும் (1 நாளாகமம் 24:10) இவ்வாதத்தின் தொடக்கப் புள்ளிகள். ஒவ்வொரு பிரிவும் ஆண்டில் ஒரு முறைக்கு மேல் பணியாற்றியது. செக்கரியாவின் பணி எம்முறைக்குரியது என்பதை லூக்கா கூறவில்லை. கருவுற்ற நாள்களும் துல்லியமாகத் தரப்படவில்லை. நற்செய்திகளில் பிறந்த நாளும் குறிக்கப்படவில்லை. எனவே இது பக்தி மரபாக மதிக்கத்தக்கதாயினும் வரலாற்று முடிவாகாது. விழாவின் மேசியானியப் பொருளும் இக்கணக்கைச் சார்ந்து நிற்கவில்லை.

விழா யாருக்குரியது?

குடிலில் தங்கும் கடமையை லேவியராகமம் (23:42) இசுரயேலில் பிறந்தோர்க்கு விதிக்கிறது. உபாகமமோ (16:14) அந்நியரையும் திக்கற்றவரையும் விதவையையும் விழா மகிழ்ச்சியில் சேர்க்கிறது. ஏழு நாட்களில் செலுத்தப்பட்ட 70 காளைகள் (எண்ணாகமம் 29) உலகின் 70 இனங்களுக்காக என்று தல்மூத் (சுக்கா 55ஆ) விளக்குகிறது. தனியொரு மக்களின் நினைவும் அனைத்துலக வேண்டுதலும் இவ்விழாவில் தொடக்கம் முதலே இணைந்துள்ளன.

இவ்விணைப்பில் மேசியானிய யூதரின் நிலை எளிதன்று. யூத சமயத்தின் முதன்மைப் பிரிவுகள் அவர்களது நம்பிக்கையைக் கிறித்தவமாகவே கருதுகின்றன. யூதச் சடங்குகளுக்குக் கிறித்தவப் பொருள் தருவதை உரிமை கவரும் செயலாகக் காண்கின்றன. பல நூற்றாண்டுக் கட்டாய மதமாற்றங்களின் நினைவு இக்குற்றச்சாட்டின் பின்னணியில் உள்ளது என்பதை மறத்தலாகாது. இசுரயேல் உச்ச நீதிமன்றமும் 1989இல், தாயகம் திரும்பும் சட்டத்தின் நோக்கில் மேசியானிய யூதர் வேறு சமயத்தார் எனத் தீர்ப்பளித்தது. மறுபுறம், 1980 முதல் எருசலேமில் யூதரல்லாத கிறித்தவரும் கூடாரப் பண்டிகையை ஒட்டிப் பெருந்திரளாகக் கூடுகின்றனர். இவர்கள் சகரியாவின் இனங்களாகத் தம்மைக் காண்கின்றனர். மேசியானிய யூதரோ இசுரயேலின் பகுதியாகவே தம்மைக் காண்கின்றனர். இவ்விரு நிலைகளையும் ஒன்றாகக் கொள்வது ஆய்வுப் பிழையாகும்.

முடிவுரை

மேசியானிய விளக்கம் நீர், தூய ஆவி, இறைப் பிரசன்னம், அனைத்தினம் ஆகிய கருத்துகளில் யூத மரபின் பழைய மூலங்களோடு நெருங்கி நிற்கிறது. அங்கு அது வலிமை பெறுகிறது. பிறந்த நாள் கணக்கு போன்றவற்றில் சான்றுகளைக் கடந்து செல்கிறது; அங்கு அது தளர்கிறது. திருச்சபை நான்காம் நூற்றாண்டில் விலக்கிய விழா, அவ்விலக்கினாலேயே வேறொரு கிறித்தவ விழாவாக உருமாறாமல் எஞ்சியது. அதனால்தான் மேசியானிய நம்பிக்கையாளர் அதனை இன்னும் நிறைவேற வேண்டியதாக வாசிக்க முடிகிறது. அவர்தம் இடமும் அக்குடிலைப் போன்றதே: யூத சமயத்திற்கும் திருச்சபைக்கும் இடையே, இரண்டிலும் நிலையான கூரை பெறாமல் அவர்கள் நிற்கின்றனர். யூதர் தமது நினைவாகப் போற்றிக் காத்ததாலேயே இவ்விழா இன்று பிறர் பொருள்காணும் வகையில் உயிரோடு உள்ளது என்னும் உண்மையை ஏற்பது, இதன் எந்த ஆன்மிக விளக்கத்திற்கும் முதல் கடப்பாடாகும்.