யன்னல் துடைப்போர் கூலியும் வரைபடக் கோடுகளும்

ஒரே நாட்டில், ஒரே தொழிலுக்கு, இடத்துக்கு இடம் கூலி வேறுபடுவது ஏன்? இவ்வினாவுக்கு ஆயத்தமான விடை ஒன்றுண்டு: வாழ்க்கைச் செலவு இடத்துக்கிடம் வேறுபடுகிறது, கூலியும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. மழையையும் மண்வளத்தையும் போலக் கூலியையும் இயற்கையின் நியதியாகக் காட்டும் விடை இது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவில் யன்னல் துடைப்போரும் கட்டடங்களைத் துப்புரவு செய்வோரும் பெற்ற கூலியின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்விடை போதாதென்பது புலனாகும்.

1938ஆம் ஆண்டில், பொருளாதாரப் பெருமந்தத்தின் துயரங்களுக்கும் தொழிலாளர் போராட்டங்களுக்கும் பின்னர், ரூஸ்வெல்ற் ஆட்சியில் நியாயத் தொழில் நியமச் சட்டம் நிறைவேறியது. மணிக்கு 25 சதம் ஆகக் குறைந்த கூலியாயிற்று. வரையறுத்த நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி விதிக்கப்பட்டது. ஆனால் இச்சட்டம் எல்லார்க்கும் உரியதாய் அமையவில்லை. விவசாயத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் புறத்தே விடப்பட்டனர். தென் மாநிலங்களின் கறுப்பினத் தொழிலாளருட் பெரும் பகுதியினர் அவ்விரு தொழில்களிலேயே உழைத்தனர். ஏனையோருள்ளும், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்திலோ அவ்வணிகத்துக்கான பண்ட உற்பத்தியிலோ ஈடுபட்டவர்க்கே பாதுகாப்புக் கிடைத்தது.

அங்ஙனமாயின், யன்னல் துடைப்பவன் எந்தப் பண்டத்தை உற்பத்தி செய்கிறான்? இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிலடெல்பியாவில் ஆடை உற்பத்தியாளர் குடியிருந்த கட்டடமொன்றின் பராமரிப்புத் தொழிலாளர்க்குச் சட்டம் பொருந்துமென 1942இல் தீர்ப்பாயிற்று. 1945 ஜூன் 11ஆந் திகதி நியூயோர்க்கின் இரு கட்டடங்கள் பற்றித் தீர்ப்புக்கள் வெளியாயின. ஒன்று, பால்பொருள் உற்பத்தி செய்த போர்டன் நிறுவனத்தின் தலைமைப் பணிமனை. அங்கு வேலை செய்தோர்க்குப் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். மற்றையது, 40ஆம் வீதியில் எழுந்து நின்ற 48 மாடிக் கட்டடம். பலதிறப்பட்ட நிறுவனங்கள் அதில் வாடகைக்கு இருந்தன. அங்கு யன்னல் துடைத்தோர், மின்தூக்கி இயக்கியோர், காவல் புரிந்தோர் ஆகியோர்க்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்றாயிற்று. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறம். அடுத்த ஆண்டு, மிச்சிகனில், தொழிற்சாலைகளின் யன்னல்களைத் துடைத்த குத்தகை நிறுவனமொன்றின் தொழிலாளர்க்குச் சட்டம் பொருந்துமெனத் தீர்ந்தது.

வாளியும் நீரும் எங்கும் ஒன்றே. உயரத்திலிருந்து விழுந்தால் உடையும் எலும்பும் ஒன்றே. எனினும், கண்ணாடிக்கு அப்பால் என்ன நடைபெறுகிறது என்பதே இப்பால் நின்று துடைப்பவனின் உரிமையைத் தீர்மானித்தது. அன்று கூலியைப் பிரித்த கோட்டைச் சட்டமே கீறிற்று. வாழ்க்கைச் செலவு கீறவில்லை. போர்டன் கட்டடத்துக்கும் 40ஆம் வீதிக் கட்டடத்துக்கும் இடையே அரிசி விலையோ வீட்டு வாடகையோ மாறிவிடவில்லையே!

1960களில் வந்த திருத்தங்கள் சட்டத்தின் எல்லையை விரித்தன. ஆனால் அதற்கு முன்னரே வேறொரு கோடு கீறப்பட்டுவிட்டது. 1947இல் நிறைவேறிய ராஃப்ற்-ஹாட்லி சட்டம், தொழிற்சங்க உறுப்புரிமையைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு வழங்கிற்று. அவ்வாண்டிலேயே டெக்சாஸ் மாநிலம் அத்தகைய தடைச்சட்டத்தை இயற்றியது. நியூயோர்க், சிகாகோ நகரங்களிலோ கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் முன்னரே வேரூன்றியிருந்தன. காலப்போக்கிற் கட்டட உடைமையாளர் துப்புரவு வேலையைக் குத்தகைக்கு விட்டனர். குறைந்த விலை கேட்டவனுக்கே குத்தகை. அக்குறைவு யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் விளைவை 2006ஆம் ஆண்டின் ஹியூஸ்டன் நகரிற் காணலாம். டெக்சாஸ் மாநிலத்தின் எண்ணெய்ப் பெருநகர் அது. அதன் வானளாவிகளைத் துப்புரவு செய்தோருட் பெரும்பாலார் புலம்பெயர்ந்து வந்த பெண்கள். மணிக்கு ஏறத்தாழ 5.30 டொலர் கூலி. நாளொன்றுக்கு நான்கு மணி நேர வேலை. மருத்துவக் காப்புறுதி இல்லை. நியூயோர்க்கிலும் சிகாகோவிலும் சங்கத் தொழிலாளர் இதன் இரு மடங்குக்கு மேலும், அதனோடு காப்புறுதியும் பெற்றனர். அவ்வாண்டு ஒக்ரோபர் 23ஆந் திகதி ஹியூஸ்டன் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நவம்பரில் மறியல் செய்தோருள் 44 பேர் கைதாயினர்; ஒவ்வொருவருக்கும் கோரப்பட்ட பிணைத்தொகை 888,888 டொலர். நாளுக்கு இருபது டொலர் அளவில் உழைப்பவர்க்கு நீதி குறித்த விலை அது! ஆயினும் அவர்கள் பணியவில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. கூலி 2007 ஜனவரியில் 6.25 டொலராகவும், 2008இல் 7.25 டொலராகவும், 2009இல் 7.75 டொலராகவும் உயர்ந்தது. வேலை நேரத்தைக் கூட்டவும் மருத்துவக் காப்புறுதி வழங்கவும் முதலாளிமார் இணங்கினர்.

நூற்றுக்கு 46 வீத உயர்வு. ஹியூஸ்டனின் வாழ்க்கைச் செலவு அந்த அளவுக்கு ஏறியதனாலா இது நேர்ந்தது? மாறியது ஒன்றே: தனித்தனியே நின்றோர் ஒன்றாய் நின்றனர். கூலி உயர்ந்ததால் எந்தக் கட்டடமும் சரிந்து வீழவுமில்லை.

கோடுகள் அழிந்துவிட்டன என்று கூறுவதற்கில்லை. 2025ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் ஆகக் குறைந்த கூலி மணிக்கு 16.50 டொலர், டெக்சாசிலோ, 2009இல் நடைமுறைக்கு வந்த 7.25 டொலரே. பிரதேசவாரியான கூலி அட்டவணையைக் காணும் மாணவன், அதனைப் புவியியற் பாடமாக மட்டும் கொள்ளலாகாது. அங்குள்ள ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு சட்டமோ, ஒரு தீர்ப்போ, ஒரு வேலைநிறுத்தமோ இருக்கிறது. மனிதர் கீறிய கோடுகளை மனிதரே அழிக்கவும் வல்லர்.