கண்ணாடிக் கூரையும் தென்னங்கிடுகும்

1851-ஆம் ஆண்டு லண்டனில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய பளிங்கு மாளிகையின் கூரை, மரச்சட்டங்களிற் பதித்த கண்ணாடியால் ஆனது. வெயிலைத் தணிக்க அதன் வெளிப்புறத்தே பருத்தித் துணி விரித்தனர். காரணம் எளிது. கண்ணாடியைக் கடந்த வெயில் உள்ளே வெப்பமாகித் தங்கிவிடும். உட்புறத்திரை நிழல் தருமேயன்றி அவ்வெப்பத்தை வெளியேற்றாது.

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரமோ தென்னை நாடு. ஓலையை நீரில் ஊறவைத்துக் கிடுகாகப் பின்னி, வெயிலைக் கூரையிலேயே தடுக்கும் கலை இந்நாட்டாருக்குப் பழகியது. இங்குள்ள சிவாலயத்தைப் போர்த்துக்கேயர் 1578-இல் இடித்ததையும், கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753-இல் புதுப்பித்ததையும் வரலாறு குறித்துள்ளது. சில ஆண்டுகளில் உக்கிப்போகும் கிடுகுக்கு அத்தகைய குறிப்பில்லை. பின்னும் கைகள் ஓய்ந்தால் அக்கலையும் மறைந்துவிடும். கண்ணாடியும் தகரமும் வேய்வோர் இதனை நினைவிற்கொள்வது நன்று.