ஏழரை விழுக்காடும் சபைக் கடிதமும்

மருத்துவம் படிக்க உதவித்தொகை எங்கே கிடைக்கும் என்று ராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலிப் பக்கத்தில் கேட்பவர்கள் பெரும்பாலும் நீட் முடிவு வந்த பிறகுதான் கேட்கிறார்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வரிசையாக விண்ணப்பித்துவிட்டு, வி.ஏ.ஓ.விடமும் ஆர்.ஐ.யிடமும் அலைகிறார்கள். அந்த அலைச்சல் வீண் இல்லை. முதல் பட்டதாரிச் சலுகையோ, பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் தொகையோ அந்தக் காகிதங்கள் இல்லாமல் வராது. ஆனால் முழுப் படிப்பையும் தாங்குகிற அளவுக்குப் பணம் வருகிற பெரிய வழிகள் என்று பார்த்தால், இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு இரண்டைத்தான் சொல்ல முடியும். அவ்விரண்டும் முடிவாவது பன்னிரண்டாம் வகுப்பில் அல்ல. ஒன்று பெரும்பாலும் ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போது முடிவாகிவிடுகிறது. மற்றது அதற்கும் முன்னால், வீட்டிலேயே.

ஒன்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. மற்றொன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) திருச்சபைகளின் பரிந்துரையோடு வரும் ஸ்பான்சர் இடம்.

ஏழரைக்கு வயது குறைவு. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு தரலாம் என்றது, அரசு 7.5 என்று வைத்துச் சட்டமன்றத்தில் 2020 செப்டம்பரில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் தள்ளிக்கொண்டே போக, அக்டோபர் 29 அன்று அரசாணையாகவே வெளியிட்டுவிட்டார்கள். மறுநாள் ஒப்புதலும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு, அவரவர் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள்ளேயே இந்த இடங்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் பொருந்தும். இது பலருக்குத் தெரியாது.

இடத்துக்கு வழி செய்த சட்டம் பணத்தைப் பற்றி முதலில் பேசவில்லை. அது நவம்பரில் கலந்தாய்வு தொடங்கியதும் வெளிப்பட்டது. அரசுக் கல்லூரியில் அப்போது ஆண்டுக் கட்டணம் 13,610 ரூபாய். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே நான்கு லட்சத்தை ஒட்டி. கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் மேடை வரை வந்து, தனியார் கல்லூரி என்றதும் இடத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதற்கு அடுத்த சில நாட்களில்தான் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்தும் என்ற அறிவிப்பு வந்தது. ஏழரையை ஒரு மருத்துவ உதவித்தொகையாக மாற்றியது அந்த அறிவிப்புதான். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒதுக்கீடு செல்லும் என்றது.

இனி வேலூர். சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் பிறந்தது ராணிப்பேட்டையில், 1870இல். இன்று நெமிலி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அதன் தலைநகரில் என்று சொன்னால் இந்தப் பக்கத்து மாணவர்களே வியப்பார்கள். அவர் 1918இல் வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1942இல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது, 1947 முதல் ஆண்களும் படித்தார்கள். இந்தக் கல்லூரியில் கல்விக் கட்டணம் நீண்ட காலம் ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்ற அளவிலேயே இருந்துவந்திருக்கிறது. விடுதி, உணவு, பிற கட்டணங்கள் தனி. அவற்றைச் சேர்த்தாலும் சுயநிதிக் கல்லூரியின் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய தொகை அல்ல. வெளிநாட்டு நன்கொடையாளர்களும், அதைவிட முக்கியமாக மருத்துவமனையின் சொந்த வருமானமும் மீதியைத் தாங்குகின்றன. மாணவருக்கென்று தனியாக ஒரு தொகை கொடுப்பதைவிடக் கட்டணத்தையே தாழ்த்தி வைப்பது கௌரவமான உதவி என்பது என் எண்ணம். யாரும் யாரிடமும் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியதில்லை.

ஸ்பான்சர் வழியில் சேர விரும்புகிறவருக்கு, கல்லூரியோடு இணைந்த திருச்சபையோ மிஷன் அமைப்போ கடிதம் கொடுக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் அந்த அமைப்பு காட்டும் இடத்தில், வழக்கமாக இரண்டு ஆண்டு, வேலை செய்ய வேண்டும். ராணிப்பேட்டையின் ஸ்கடர் நினைவு மருத்துவமனையைப் போன்ற மிஷன் மருத்துவமனைகளும், வட மாநிலங்களில் பஸ் அரிதாகப் போகும் ஊர்களில் இருக்கும் சிறு மருத்துவமனைகளும் பல தலைமுறைகளாக இப்படித்தான் டாக்டர்களைப் பெற்றன.

தகுதியை எங்கே அளக்கிறார்கள் என்பதில்தான் இரண்டுக்கும் முதல் வேறுபாடு. அரசு பள்ளியைப் பார்க்கிறது. அரசுப் பள்ளியில் ஏழு ஆண்டு படித்தால் ஏழை என்று எடுத்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. சபை ஆளைப் பார்க்கிறது: எந்தச் சபை, குடும்பம் எது, திரும்பி வருவாரா. ஒன்றில் தலைமை ஆசிரியரின் சான்று போதும். மற்றதில் போதகருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்குச் சாய்கிற அபாயமும் அதில் உண்டு. அரசு முறை குருட்டுத்தனமானது, ஆனால் அந்தக் குருட்டுத்தனமே அதன் நேர்மை. நெமிலி அரசுப் பள்ளியில் படித்த நெசவாளி மகளுக்கும் அரக்கோணத்தில் படித்த ரயில்வே ஒப்பந்தத் தொழிலாளி மகனுக்கும் ஒரே விதி.

சி.எம்.சி. தன் முறையைக் காப்பாற்ற நீண்ட வழக்கு நடத்தியது. நீட் கட்டாயமான 2017இல், மதிப்பெண் ஒன்றை மட்டும் வைத்துச் சேர்க்க மறுத்து, நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒரு மாணவரைச் சேர்த்தது. அந்த ஆண்டு 99 டாக்டர்களை நாடு இழந்தது என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கோபம் முழுக்க ஆறவில்லை. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று முடித்துவைத்தது. ஆகவே சபைக் கடிதம் வைத்திருப்பவரும் இப்போது நீட் தரவரிசைப்படியே இடம் பெறுகிறார். முன்பு மூன்று நாள் வேலூரில் தங்கவைத்து ஆளைப் பார்த்த நேர்முகத் தேர்வு போய்விட்டது.

அதனால் இரண்டு வழிக்கும் முன்னால் ஒரே தடை நிற்கிறது, அந்தத் தடையைத் தாண்டும் செலவை இரண்டும் தருவதில்லை. அரசுப் பள்ளிகளில் இலவச நீட் பயிற்சி நடக்கிறது, உண்மைதான். ஆனால் ஏழரையில் இடம் பெற்றவர்களில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதியவர்கள் நிறையப் பேர். அந்தக் கூடுதல் ஆண்டில் பயிற்சி மையத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும் பணம், ஷூ கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் ஏறும் அம்மாவின் சம்பளத்திலிருந்து வர வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரமோ தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் ஆயிரமோ கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். வீட்டிலிருந்து ரிப்பீட் எழுதும் பிள்ளைக்கு அவற்றில் பெயர் இல்லை. உதவித்தொகை கொடுக்க நினைக்கும் உள்ளூர் அறக்கட்டளைகள் முதலாமாண்டுக் கட்டணத்துக்குக் காசோலை கொடுத்துப் படம் எடுப்பதைவிட இந்த ஓர் ஆண்டைத் தாங்கினால் பயன் அதிகம்.

அரசு வழி மாணவரிடம் ஏழரையின் பெயரால் திருப்பிக் கேட்பது எதுவும் இல்லை. அது உரிமை, கடன் அல்ல என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ராணிப்பேட்டை மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோதும் இந்த மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்தில் இருப்பவை வேலூர் அடுக்கம்பாறையும் திருவள்ளூரும். நெமிலிப் பள்ளியிலிருந்து போகிற பெண் டாக்டராகி நெமிலிக்குத் திரும்ப வேண்டும் என்று அரசு விரும்பினால், சபைகள் நீண்ட காலமாக வைத்திருக்கும் அந்த இரண்டு ஆண்டு நிபந்தனையைக் கொஞ்சம் திருத்தி எடுத்துக்கொள்ளலாம். தண்டனைத் தொகை போடும் பாண்டாக வேண்டாம். சொந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை உறுதி என்ற வாக்காக இருக்கட்டும்.

இரண்டிலும் விழாத பிள்ளை ஒருவர் இருக்கிறார், தோல் தொழில் வட்டாரத்துக்கே உரியவர். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தில் பழைய பள்ளிகள் பல முஸ்லிம் கல்விச் சங்கங்களும் மிஷன்களும் நடத்துகிற அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, பாடநூல் அரசு தருகிறது, பிள்ளைகளின் பெற்றோர் அதே டேனரியில் அதே கூலிக்கு நிற்கிறார்கள். ஆனாலும் ஏழரை அவர்களுக்கு இல்லை. நடந்து போகிற தூரத்தில் நல்ல பெயருள்ள எய்டட் பள்ளி இருக்கிறதே என்று ஆறாம் வகுப்பில் சேர்த்த அப்பாவுக்கு, ஏழு ஆண்டு கழித்துத்தான் அந்தச் சேர்க்கையின் விலை தெரியவருகிறது. முஸ்லிம் பிள்ளையானால் சபைக் கடிதமும் இல்லை. முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கலாம். அது அரசுக் கல்லூரியாக இருந்தால் தப்பித்தார்.

சுயநிதிக் கல்லூரியாக இருந்தால் மேல்விஷாரத்துத் தோல் வணிகர்களின் ஜகாத்தையும் வங்கிக் கடனையும் நம்ப வேண்டும். பிணையில்லாக் கல்விக் கடனின் உச்சம் வழக்கமாக ஏழரை லட்சம். நான்கரை ஆண்டுக் கட்டணத்தில் அது முதல் இரண்டு ஆண்டைக்கூட முழுதாகத் தாண்டாது.