பெரிய நாளின் தீபங்கள்

வங்காளத்தில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் ‘பொரோதின்’ என்று பெயர். பெரிய நாள் என்பது பொருள். கிறிஸ்தவரல்லாதாரும் அப்பெயராலேயே அதனை அழைத்து, கேக் வாங்கி உண்டு, பிள்ளைகளுடன் தீபாலங்காரம் காணப் புறப்படுகின்றனர். காளிகாட்டில் மெட்ரோ ரயிலேறிப் பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கும் பெருங்கூட்டத்தில் நம் காலனிக் குடும்பங்களும் உண்டு. இவ்வலங்காரம் வெள்ளைக்காரர் விட்டுச்சென்றது என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை.

1822ஆம் ஆண்டில் கல்கத்தா வந்திறங்கிய ஃபானி பார்க்ஸ் என்னும் ஆங்கில மாது, கிறிஸ்துமஸ் அன்று வேலைக்காரர்கள் வாயில்களில் புதுமலர் மாலைகளைக் கட்டியதையும், தட்டுகளில் பழமும் இனிப்பும் கொணர்ந்து இனாம் கேட்டதையும் தம் நூலில் எழுதியுள்ளார். வாயிலின் இருபுறமும் வாழைமரம் நிறுத்துவதும் அந்நாளைய வழக்கம். எஜமானரின் பண்டிகைக்கு ஊழியர் தாம் அறிந்த மங்கல அலங்காரத்தைச் செய்தனர். ஊசியிலை மரத்தைச் சிங்காரிக்கும் பழக்கமோ ஜெர்மானியருடையது. விக்டோரியா அரசியாரின் குடும்பம் அத்தகைய மரத்தைச் சூழ்ந்து நிற்கும் சித்திரம் 1848இல் லண்டன் பத்திரிகையொன்றில் வெளிவந்த பிறகே அது இங்கிலாந்தில் பரவலாயிற்று. ஆகவே கல்கத்தாவின் முதல் கிறிஸ்துமஸ் மரம் வாழையே என்றால் மிகையாகாது. நமக்கு இதில் வியப்பென்ன? நம் வீட்டுக் கல்யாண வாயிலும் அதுதானே!

மின்சாரம் 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்திலிருந்த நிலையத்திலிருந்து இந்நகருக்கு வழங்கப்படலாயிற்று. விளக்குகள் பெருகின, ஒருமுறை அணைந்தும் போயின. 1942 டிசம்பர் 20ஆம் தேதி இரவு ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவின்மீது முதன்முறையாகக் குண்டு வீசின. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவிலும் அவை வந்தன. அவ்வாண்டுப் பெரிய நாள் இருளிலேயே கழிந்தது.

ஒரு காலத்தில் இடுகாட்டுச் சாலை என்று வழங்கிய பார்க் ஸ்ட்ரீட்டில் இன்று நாம் காணும் திருவிழாவை, மாநில அரசு 2011ஆம் ஆண்டில் ஆலன் பூங்காவில் தொடங்கியது. அதன் விளக்குகளைக் காணுந்தோறும் நினைவுகூரத் தக்க ஊர் சந்தன்நகர். ஹூக்ளி நதிக்கரையிலுள்ள அவ்வூர் 1950 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. எனினும் அதன் விளக்குத் தொழில் பாரிஸ் தந்ததன்று, ஜகத்தாத்ரி பூஜை ஊர்வலம் தந்தது. மூங்கிற் சட்டத்தில் சிறு பல்புகளைக் கட்டி, வண்ணத் தாள் சுற்றி, செப்புத் தகடு பதித்த மரவுருளையை மோட்டாரால் சுழற்றுவார்கள். தகடு கம்பியைத் தொடுமிடத்து விளக்கு எரியும், விலகுமிடத்து அணையும். அவ்வளவே சூட்சுமம்! அதனால் மயில் தோகை விரித்தது, ரயில் ஓடியது. இப்பொழுது எல்.ஈ.டி. வந்துவிட்டது. மின்செலவு குறைந்தது நன்றே. ஆயினும் ஆயத்தமாக விற்கும் சரங்கள் அக்கைவினைஞரின் பிழைப்பைக் குறுக்கியுள்ளன. கார்த்திகையில் தேவிக்கு விளக்குக் கட்டிய கைகளே மார்கழியில் ஏசுநாதர் பிறப்புக்கும் கட்டுகின்றன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். 1947க்குப் பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று குடிபெயர்ந்தன. பண்டிகையை வீட்டுப் பண்டிகையாகக் கொண்டிருந்தோர் குறைய, அதன் விளக்குகள் பெருகின. இம்முரண்பாடு எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. பௌ பஜார் பக்கம் போ பாரக்ஸ் என்னும் செங்கல் குடியிருப்பு இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் சிப்பாய்களுக்காகக் கட்டப்பெற்ற அக்கட்டடங்களில் எஞ்சிய குடும்பங்கள் வாழ்கின்றன. டிசம்பரில் அயல்நாடு சென்ற உறவினரிற் சிலர் திரும்பி வருவர். தெருவில் பாட்டும் நடனமும் நிகழும். அங்குள்ள சரவிளக்குகள் பார்க் ஸ்ட்ரீட்டின் ஜோதிக்கு ஈடாகா. அவற்றை ஏற்பாடு செய்வோர் அத்தெருவில் குடியிருப்போர். அன்பர்கள் இவ்வாண்டு அங்கும் ஒருமுறை சென்று வரலாம்.