திருப்பத்தூர்: ஏரியை விட்டு வந்தவர்கள்

லிஃப்டில் புதிதாகப் பார்ப்பவர்கள், "சார், உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்பார்கள். "திருப்பத்தூர்" என்பேன். "சிவகங்கைப் பக்கமா?" என்பது அடுத்த கேள்வி. "இல்லைங்க, ஜோலார்பேட்டை பக்கம்" என்றால், "ஓ, பெங்களூர் ரயில் நிற்குமே!" என்பார்கள். அதற்குள் அவர்களுடைய மாடி வந்துவிடும். அந்த உரையாடலின் மீதியைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தத் தை மாதம் ஊரில் இருந்த எங்கள் பழைய வீட்டை விற்றுவிட்டோம். அதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அம்மா, "இனிமே ஊர்ல எதை ரொம்ப மிஸ் பண்ணுவீங்க?" என்று கேட்டார். யோசிக்காமல் "ஏரி" என்றேன். "ஏரிதான் நம்ம மொட்டை மாடியிலிருந்தே தெரியுதே!" என்று சிரித்தார். அவர் சொன்னது சரிதான். தினமும் கண்ணில் படுகிற ஏரி இங்கேயும் இருக்கும்போது, அங்கே விட்டு வந்தது எதை? இரண்டு மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மலையும் ஏரியும்

திருப்பத்தூரில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. பத்து ஊர்கள் சேர்ந்ததால் இந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வருடம் முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு எங்களுக்குக் கிடையாது. மலையில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி ஏரியில் தங்கும். ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகும். கடைசி மிச்சம் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் சேரும். தமிழ்நாட்டில் இப்படி ஏறக்குறைய 39,000 ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தாமாக உண்டானவை அல்ல. சரிவைப் பார்த்து, கரை போட்டு, மனிதர்கள் வெட்டியவை.

ஏரிக்கு மூன்று உறுப்புகள் முக்கியம். தண்ணீரைத் தேக்குவது கரை. வயலுக்குத் திறந்துவிடுவது மதகு. நிரம்பி மிஞ்சும் நீர் கரையை உடைக்காமல் வெளியேற வழிவிடுவது கலங்கு. அப்படி மிஞ்சி வழிவதை எங்கள் பக்கம் "கோடி போகுது" என்போம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு பேர் சந்தித்தால், "சாப்ட்டியா?" என்பதற்கு முன்னால் வரும் கேள்வி, "ஏரி கோடி போச்சா?" கோடி போன அன்று ஊரே கரைக்கு வந்துவிடும். தேங்காய் உடைப்பார்கள், பூ தூவுவார்கள், சில ஊர்களில் கிடா வெட்டுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கலங்கில் துண்டை விரித்து மீன் பிடிப்பார்கள். நானும் பிடித்திருக்கிறேன், அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன்.

இந்த ஏரிகளைப் பார்த்துக்கொள்ள அந்தக் காலத்திலேயே நம்மைப் போன்ற ஒரு கமிட்டி இருந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம்) "ஏரி வாரியம்" என்ற குழுவைக் குறிப்பிடுகின்றன. குடவோலையில் தேர்ந்தெடுப்பார்கள், பதவி ஒரு வருடம்தான். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. நம் பொருளாளர் இதைப் படித்துவிட்டு என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

1792: ஒரு கலெக்டரும் அவருடைய உதவியாளரும்

எங்கள் ஊர் 2019 நவம்பரில்தான் மாவட்டத் தலைநகரானது என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு 227 வருடம் முன்பே அது தலைநகராக இருந்திருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாரமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதையும் சேலத்தையும் நிர்வகிக்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர், தர்மபுரியில் இருந்த தாமஸ் மன்றோ.

மன்றோவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சென்னையில் தீவுத்திடலுக்குப் பக்கத்தில், சேணம் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். 1839-ல் வைத்த சிலை. பிறகு சென்னை மாகாண கவர்னராக உயர்ந்த அந்த மனிதர், முப்பதுகளில் ஏழு வருடம் எங்கள் பக்கத்து வயல்வெளிகளில் அளவு பார்த்து, குடியானவர்களோடு பேசித் திரிந்தவர்.

ரீட்டும் மன்றோவும் அங்கே தொடங்கிய ஏற்பாடுதான் ரயத்துவாரி. ஊருக்கு மொத்தமாக வரி போடாமல், ஒவ்வொரு விவசாயியின் நிலத்தையும் தனித்தனியே அளந்து, அவர் பெயரில் வரி விதிப்பது. இன்று நம் கையில் இருக்கும் பட்டாவின் தாத்தா அது. இடைத்தரகர் இல்லாமல் உழுபவருக்கே நிலத்தின் மேல் உரிமை என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் ஏரி யாருடையது? அது எந்தத் தனி ஆளின் பெயரிலும் வராது. அதுவரை ஏரியைப் பராமரிக்க மானிய நிலங்கள் இருந்தன, மதகைத் திறந்து மூட நீர்கட்டி இருந்தார், அவருக்கு விளைச்சலில் பங்கு இருந்தது. நிலம் தனித்தனியாகி, வரி முழுவதும் கஜானாவுக்குப் போனபோது, ஊர்ப் பொதுவுக்கான அந்த ஏற்பாடுகள் மெல்ல வலுவிழந்தன என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கடைசியில் 1858-ல் குடிமராமத்துக்கு ஒரு சட்டமே போட வேண்டிவந்தது. தாமாகச் செய்துவந்த வேலையைச் சட்டம் போட்டுச் செய்யச் சொல்லும் நிலை.

மன்றோவின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. 1799-ல் அவரைக் கன்னடக் கடற்கரை நாட்டுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வுதான், ஆனால் அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. தான் வளர்த்த தோட்டத்தையும் பழகிய மலைகளையும் விட்டுப்போகும் வருத்தம் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் தெரிகிறது. அடுத்து வேலை பார்த்த ராயலசீமைப் பகுதியிடமும் அவருக்கு அதே ஒட்டுதல். 1827-ல் ஊர் திரும்பும் நேரத்தில், பழகிய மக்களிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று அங்கே பயணம் போனார். காலரா வந்து, ஜூலை 6-ம் தேதி பத்திகொண்டா என்ற ஊரில் இறந்துபோனார். அவருடைய ஆட்சியைப் பற்றி யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். போவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்ற அந்த ஆசை எனக்குப் புரிகிறது. பத்திரப் பதிவு முடிந்த அன்று சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து நேராக ஏரிக்கரைக்குத்தான் போனேன்.

வந்தவர்கள், தங்கியவர்கள்

எங்கள் ஊருக்கு வந்து, போக மனமில்லாமல் தங்கியவர்களும் உண்டு. 1921-ல் டாக்டர் சா. ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். கோயில் கோபுரம் போன்ற அமைப்பில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தது.

வானத்தைத் தேடி வந்தவர்களும் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் 1960-களின் கடைசியில் வானியல் ஆய்வகம் அமைத்தார்கள். 1977-ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. 1986-ல் அங்கே நிறுவிய பெரிய தொலைநோக்கிக்கு, அதற்காகவே உழைத்து அதைப் பார்க்காமல் மறைந்த வேணு பாப்புவின் பெயர். மலையில் அவ்வளவு இருட்டு, அவ்வளவு நட்சத்திரம். அடுத்த கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இவை போக, சந்தனக் கிடங்குச் சாலையில் சைக்கிளில் போகும்போது மூக்கில் ஏறும் வாசனை. மலையிலிருந்து வரும் சாமையும் தேனும் பலாப்பழமும். விடியற்காலையில் தூரத்து ரயில் சத்தம். இவற்றையும் மிஸ் பண்ணத்தான் செய்வேன். ஆனால் சாமை இப்போது நம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்

ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒண்ணேகால் ஏக்கர் நஞ்சை இருந்தது. தாத்தா காலத்தில் நெல், அப்பா காலத்தில் கொஞ்ச நாள் கரும்பு. ஏரி தொடர்ந்து நிரம்பாமல் போனது. வரத்து ஓடை குறுகியது, உள்ளே சீமைக்கருவேலம் மண்டியது, சாக்கடையும் வந்து சேர்ந்தது. வரத்து ஓடையைத் தூர்வார ஊரில் கூட்டம் போட்டபோது அப்பா போகவில்லை, நானும் போகவில்லை. பிறகு நிலத்தை மனைப் பிரிவு போடுபவரிடம் விற்றோம். இப்போது அங்கே ஒரு "நகர்" இருக்கிறது. அந்தப் பணம்தான் இங்கே நான் வாங்கிய இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு முன்பணம்.

அதனால், "எங்கள் ஊர் ஏரி மாதிரி வருமா?" என்று நான் பெருமூச்சு விடும்போது அதில் பாதிதான் ஏக்கம். மீதி குற்ற உணர்ச்சி.

தண்ணீர் ரயிலில் வந்தது

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். போர் வற்றி, லாரிக்கு டோக்கன் போட்டு, காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மோட்டார் போட்ட நாட்கள். அந்த ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர். அது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர். குடத்துக்காக வரிசையில் நிற்பது எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. டிவியில் அந்த ரயிலுக்கு மாலை போட்டதைப் பார்த்தபோது நான் வாய் திறக்கவில்லை. ஊரை விட்டு வந்தது மட்டுமல்லாமல், ஊர்ப் பக்கத்துத் தண்ணீரையும் வரவழைத்துவிட்டோமே என்றுதான் தோன்றியது.

சென்னைக்கு ஏரி இல்லாமல் இல்லை. தி.நகர் எழுந்தது 1920-களில் வற்றவைத்த நீண்ட ஏரியின் மேல். 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். டேங்க் பண்ட் ரோடும் லேக் வியூ ரோடும் பெயரளவில் மிஞ்சியிருக்கின்றன. 2015 டிசம்பரில் தண்ணீர் வந்து தேடியது தன் பழைய இடங்களைத்தான்.

இப்போது பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என் பதில் இதுதான். நான் மிஸ் பண்ணுவது ஏரியின் அழகை அல்ல, அந்தக் கேள்வியை. "ஏரி கோடி போச்சா?" என்று அங்கே எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. இங்கே நம் ஏரியை தினமும் பார்க்கிறோம். அதன் கலங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன்.

1996-ல் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தது வேலூர் குடிமக்கள் நல மன்றம், நம்மைப் போல் பெயரில் "நலம்" வைத்திருந்த ஓர் அமைப்பு. நான் அவ்வளவு பெரிதாக எதையும் கேட்கவில்லை. நம் வளாகத்தில் மழைநீர் சேகரிப்புக் குழிகள் ஆறு இருக்கின்றன. போன வருடம் திறந்து பார்த்தபோது இரண்டில் சேறு, ஒன்றில் கட்டட மண். அன்று வேலைக்கு வந்தவர்கள் நான்கு பேர்.

ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசி கடைசி ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, மறுபடி திறக்கப்போகிறோம். மண்வெட்டியும் டீயும் சங்கத்தின் பொறுப்பு. வேலை முடிந்ததும் ஏரியைச் சுற்றி ஒரு நடை போய், கலங்கு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டு வரலாம். ஊரில் கூட்டத்துக்குப் போகாத நான், இதற்கு முதல் ஆளாக வந்து கீழே நிற்பேன். நீங்களும் வாருங்கள்.