தாயின் வாயிலிருந்து இறங்கிய பிறகு

1

தமிழ் வைணவத்தின் பெரிய பிளவை ஒரு பூனைக்குட்டியையும் ஒரு குரங்குக்குட்டியையும் வைத்துத்தான் இன்றுவரை விளக்கி வருகிறார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பிடி நழுவினால் பொறுப்பு அதனுடையது. பூனைக்குட்டி எதுவும் செய்வதில்லை. தாய் கவ்வித் தூக்குகிறது, குட்டி உடம்பைத் தளரவிட்டுத் தொங்குகிறது. முன்னது மர்க்கட நியாயம். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலைக்கு உரியது. பின்னது மார்ஜார நியாயம். பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் வழிவந்த தென்கலைக்கு உரியது. முயற்சியா, அருளா என்பதுதான் வழக்கு. நூற்றாண்டுகளாக வாதாடியாயிற்று, கோயில்களில் நாமத்தின் வடிவத்திற்காகக் கோர்ட்டு வரைக்கும் போயாயிற்று.

இந்த வழக்கில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பூனை தன் குட்டியை எத்தனை நாள் தூக்கும்? சில வாரங்கள். பிறந்து மூன்று வாரம் போல ஆனதும் குட்டி எழுந்து தள்ளாடி நடக்கத் தொடங்கிவிடுகிறது. பிறகு தாய் முன்னே போகும், குட்டி பின்னே வரவேண்டும். மார்ஜார நியாயம் அங்கே முடிந்துபோகிறது. சிறுமூளை வளராமல் பிறக்கும் பூனைக்குட்டியின் ஊனம் வெளியே தெரிய ஆரம்பிப்பதும் சரியாக அந்த வாரத்தில்தான். தாயின் வாயில் தொங்கும்வரை எல்லாக் குட்டியும் ஒரே குட்டிதான். 'நட' என்ற ஆணை வந்த பிறகே ஒன்று நல்ல குட்டியாகவும் இன்னொன்று நொண்டிக் குட்டியாகவும் பிரிகின்றன. அதாவது ஊனம் உடலில் மட்டும் இருப்பதில்லை. உடலுக்கும் அதற்கு இடப்படும் ஆணைக்கும் இடையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியின் வரலாற்றைப் பற்றியது.

2

இளமைப் பெயர்களை வரிசைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல், வெருகு என்கிற காட்டுப்பூனையின் இளமைக்குக் 'குட்டி' என்ற பெயரைக் கொடுக்கிறது. 'பறழ்' என்றாலும் பிழையில்லை என்கிறது. பெயர் வைப்பதில் இத்தனை நுட்பம் காட்டிய மரபு, நடக்காத உடலை எப்படிப் பெயரிட்டது? சங்கப் புலவர் வரிசையில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இருக்கிறார். பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார் இருக்கிறார். இங்கே 'முடம்' பெயரின் முன்னொட்டாக, ஊரைப்போல, சேரியைப்போல, ஓர் அடையாளமாக நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு யாரும் காரணம் கேட்டதாகத் தெரியவில்லை.

காரணம் கேட்கப்படுவதை நொண்டி நாடகங்களில் பார்க்கலாம். சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் என்று ஒரு தனி இலக்கிய வகையே உண்டு. கதைச் சட்டகம் ஒன்றுதான். நாயகன் திருடன், தாசியிடம் பொருளை இழந்தவன், குதிரை திருடப்போய்ப் பிடிபட்டுக் கால் வெட்டப்படுகிறான், இறுதியில் இறையருளால் கால் திரும்பக் கிடைக்கிறது. கால் திரும்ப வளருமிடம் ஒரு பிரதியில் திருச்செந்தூர் முருகன் சந்நிதி. இன்னொரு பிரதியில் மக்கா. மதம் மாறினாலும் சட்டகம் மாறவில்லை. நொண்டி தன் கதையைத் தானே மேடையில் சொல்கிறான் என்பது இந்த வகையின் பெரிய விஷயம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவன் சொல்ல அனுமதிக்கப்பட்ட கதை இரண்டே பகுதி கொண்டது: குற்றம், மீட்பு. நொண்டியாகவே வாழ்ந்து, நொண்டியாகவே கதையை முடித்துவைக்கும் மூன்றாம் பகுதிக்கு அங்கே இடமில்லை.

நவீனத்துக்கு வந்தால் பாரதியின் 'முரசு' இருக்கிறது. வெவ்வேறு நிறத்தில் குட்டிகள் ஈன்ற வெள்ளைப் பூனையைப் பள்ளிக்கூடத்தில் பாடாத தமிழ்ப் பிள்ளை உண்டா? நிறம் வேறானாலும் பூனை இனம் ஒன்று என்பது சாதிக்கு எதிரான வாதம். அதன் வலு இன்றும் குறையவில்லை. ஆனால் அந்த வாதம் ஓர் உடன்படிக்கையின் மேல் நிற்கிறது: நிறம் மட்டுமே வேறு, மற்றதெல்லாம் சமம். நடை வேறானால்? சமத்துவத்தை 'ஒன்றுபோல் இருத்தல்' என்பதன்மேல் கட்டினால், ஒன்றுபோல் இல்லாத உடல் அதற்கு வெளியே நின்றுவிடும். பாரதியைக் குறை சொல்வது இங்கே நோக்கம் இல்லை. நம் சமத்துவச் சொல்லாடலின் எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

3

'யார் செய்த பாவமோ' என்கிற கேள்வியை அறிவியல் ஒழித்துவிட்டது என்று நினைக்கிறோம். ஒழிக்கவில்லை, பெயரை மாற்றி வைத்துக்கொண்டது. 1888இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறிக்கையில் ஹெர்ரிங்ஹாம், ஆண்ட்ரூஸ் என்ற இருவர், தள்ளாடி நடந்த இரண்டு பூனைகளின் சிறுமூளையை விவரித்தார்கள். அதன் பிறகு நெடுங்காலம் இந்தத் தள்ளாட்டம் பரம்பரைக் கோளாறு என்றே வகைப்படுத்தப்பட்டது. கர்மம் போய் இரத்தம் வந்தது. இரண்டிலும் குற்றம் முன்னோரிடம்தான்.

1966இல் அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த கில்ஹாம், மார்கோலிஸ் இருவரும் தள்ளாடும் குட்டிகளிடமிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் புதிதாகப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தியபோது அதே சிறுமூளைச் சேதம் வந்தது. அது பூனைகளைக் கழிச்சலிலும் வாந்தியிலும் கொல்லும் பழைய பேன்லூக்கோபீனியா வைரஸே என்பது 1967இல் உறுதியாயிற்று. சினைப்பூனையைத் தாக்கும் வைரஸ் வயிற்றுக் குட்டிக்குப் போகிறது. வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப்பிடிக்கும் வைரஸ் இது. பிறப்பை ஒட்டிய நாட்களில் அப்படிப் பெருகிக்கொண்டிருப்பவை சிறுமூளையின் செல்கள். அவை அழிந்தால் அசைவை அளந்து கொடுக்கும் கருவி இல்லாமல் போகிறது. குட்டி காலை வைக்க நினைக்கும் இடத்தில் கால் விழாது, தாண்டி விழும். பாலைக் குறிவைத்துக் குனிந்தால் தலை நடுங்கும். குறி நெருங்க நெருங்க நடுக்கம் கூடும். தூங்கினால் அடியோடு நின்றுவிடும்.

இந்த வைரஸின் வரலாற்றில் இன்னொரு கிளை நம்மை நேராகத் தொடுகிறது. 1939இல் இந்த நோயை விரிவாக ஆராய்ந்து இப்போதுள்ள பெயருக்கு வழிசெய்தவர்கள் வில்லியம் ஹாமன், ஜான் எண்டர்ஸ். அதே எண்டர்ஸ் வெல்லர், ராபின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1949இல் போலியோ வைரஸை நரம்பல்லாத திசுவில் வளர்த்துக் காட்டினார். அதற்காக மூவருக்கும் 1954இல் நோபல் பரிசு. அதே ஹாமன் 1951-52இல் போலியோவுக்கு எதிராக காமா குளோபுலின் ஊசியைப் பிள்ளைகளிடம் சோதித்தார். பூனையின் தள்ளாட்டமும் பிள்ளையின் சூம்பிய காலும் வேறுவேறு வைரஸ்கள், வேறுவேறு உறுப்புகள். பூனையிடம் தொடங்கிய கைகளே பிள்ளையிடமும் போய்ச் சேர்ந்தன. போலியோ தடுப்பூசியைத் தயாரிக்கவும் சோதிக்கவும் இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகள் ஏராளமாக ஏற்றுமதியாயின. 1978இல்தான் அரசு அதை முற்றாகத் தடுத்தது. ஸ்ரீரங்கத்து வழக்கின் இரண்டு சாட்சிகளும், பூனையும் குரங்கும், இருபதாம் நூற்றாண்டில் ஒரே சோதனைச்சாலையின் கூண்டுகளுக்குப் போய்விட்டன. அருளும் முயற்சியும் அங்கே பேசப்படவில்லை.

இந்தியாவின் கடைசி இயல்பான போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானார்; 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றது எனச் சான்று பெற்றது. பெரிய வெற்றி. ஆனால் 'ஒழிப்பு' என்ற சொல் நோயைத்தான் சொல்கிறது. நோய் விட்டுப்போன கால்கள் ஒழிந்துவிடவில்லை. அவை இன்னும் நம் தெருக்களில் காலிபர் மாட்டிக்கொண்டு பஸ் படியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

4

காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வரலாறு. கூட இருந்து வாழ்வது இன்னொரு வரலாறு. இந்த இரண்டாவதுக்கு ஆவணம் கிடையாது, வீடுகளில்தான் இருக்கிறது. புளியங்குடியில் எங்கள் வீட்டில் இப்படி ஒரு குட்டி ஏழு மாதமாக வளர்வதால் சிலதைச் சொல்ல முடிகிறது.

முதலில் தரை. மொசைக், டைல்ஸ் தரையில் இந்தக் குட்டி எழுந்திருக்கவே முடியாது. நாலு காலும் நாலு திசைக்கு வழுக்கும். எலுமிச்சை மார்க்கெட் உள்ள ஊரில் பழைய சாக்குக்குப் பஞ்சமில்லை. சாக்கை விரித்துப் போட்டதும் நகம் பற்ற இடம் கிடைத்து அது எழுந்து நின்றது. அதன் ஊனத்தில் பாதி எங்கள் தரையின் ஊனம் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. அடுத்தது சாப்பாடு. லேசான கிண்ணம் தலை நடுக்கத்தில் கவிழும். கனமான தட்டையான தட்டை ஒரு செங்கல்மேல் வைத்துக்கொடுத்தால், குனியும் தூரம் குறைகிறது, நடுக்கமும் குறைகிறது. மண் தொட்டிக்கு ஒரு பக்கத்து விளிம்பை வெட்டித் தாழ்த்தவேண்டும். மாடிப்படிக்கும் மூடாத தொட்டிக்கும் தடுப்பு வேண்டும். தெருவில் விடக்கூடாது, நாய் துரத்தினால் ஓட அதற்கு வழியில்லை. இந்தக் கோளாறு வளர்வதில்லை, அதனால் வலியும் இல்லை. மற்றப் பூனை வாழும் ஆயுளை இதுவும் வாழும். தடுப்பது எளிது: பூனைகளுக்குக் காலத்தில் தடுப்பூசி. சினையாக இருக்கும்போதும் நாலு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் உயிருள்ள வைரஸ் தடுப்பூசி போடக்கூடாது. அதுவே சிறுமூளையைத் தாக்கலாம்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழார்ழ் காங்கிலெம் 1943இல் வெளிவந்து 1966இல் விரிவாக்கப்பட்ட தன் நூலில் ஓர் அடிப்படையான வாதத்தை வைத்தார். இயல்பு என்பது சராசரி அல்ல. ஓர் உயிர் தன் சூழலோடு தானே உண்டாக்கிக்கொள்ளும் நியதிதான் இயல்பு. ஃபூக்கோவுக்கு ஆசான் நிலையில் இருந்தவர் அவர். எங்கள் குட்டி நாலு காலையும் அகட்டி வைத்து, சுவரில் ஒரு தோளைச் சாய்த்து, மூன்று எட்டு நடந்து ஒருதரம் உட்கார்ந்து, பிறகு முயல்போலத் துள்ளி எலிப்பொம்மையின்மேல் விழுகிறது. குறி தவறினால் திரும்பவும் வருகிறது. இது பூனை நடையின் பிழையான நகல் இல்லை. தனக்கென்று ஒரு நடை. சராசரியிலிருந்து அளந்தால் மட்டும்தான் அது பிழை.

ஊரின் அளவுகோல் வேறு. "சார், இந்தச் சவத்த எதுக்குப் போட்டு வளக்கிய? கொண்டு போய் மார்க்கெட்ல விட்டுட்டு வாங்க" என்பார்கள். கொடுமைக்காரர்கள் இல்லை, தங்கள் வீட்டு மீன்தலையை இதற்கென்று எடுத்துவைத்துத் தருபவர்களும் இவர்கள்தான். "இது என்ன பாவம் செஞ்சுதோ" என்பதும் அதே வாயில் வரும். நொண்டி நாடகம் முடிந்துவிட்டதாக யார் சொன்னது?

5

சட்டம் என்ன சொல்கிறது? 1890ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1960இல் வந்தது மிருகவதைத் தடைச் சட்டம். அதற்காக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். அசைவின் ஒழுங்கையே கலையாகக் கொண்ட ஒரு நடனக்காரர் அசைய முடியாத விலங்குகளுக்காகவும் சட்டம் கேட்டார் என்பது யோசிக்கத்தக்கது. பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் விலங்கை விட்டுவிட்டு வருவது இச்சட்டத்தின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு 1960இல் விதித்த அபராதம் ஐம்பது ரூபாய் வரை. அதே சட்டத்தில், வதைக்கப்பட்ட ஒரு விலங்கை உயிரோடு வைப்பது கொடுமை என்று கருதினால் கொன்றுவிட ஆணையிடும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கும் போலீஸ் அதிகாரிக்கும் உண்டு. 'கருதினால்' என்பதுதான் விஷயம். வாழ்வதற்கான அளவுகோல் கருதுபவரிடம் இருக்கிறது. கருதப்படுகிற உயிரிடம் இல்லை. 'பாவம், கஷ்டப்படுது' என்று சொல்லும்போது யாருடைய கஷ்டத்தைச் சொல்கிறோம் என்று ஒருதரம் நிறுத்திக் கேட்டுக்கொள்வது நல்லது.

மனிதர் விஷயத்தில் இந்த அளவுகோலைத் திருப்பிப் போட்ட ஓர் இடம் நம் பக்கத்திலேயே உண்டு. தென்காசியை ஒட்டிய ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975இல் கடற்படைத் தேர்வின் உடற்பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். தசைச் சிதைவு நோயுள்ள சங்கரராமன் அவரோடு சேர்ந்து நடத்தினார். நொண்டி நாடகம் எழுதாத மூன்றாம் பகுதி இது. கால் திரும்பி வரவில்லை. சாய்தளமும் சக்கர நாற்காலியும் பள்ளிக்கூடமும் வந்தன. அருள் செய்தவர்களாக அல்ல, ஊனத்தோடு இருப்பவர்களாகவே அவர்கள் அதைக் கட்டினார்கள்.

2010இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளி' என்று வைத்தது. பெயர்மாற்றத்தால் ஒரு பயன் உண்டு. கூப்பிடும்போது குரல் கொஞ்சம் தணிகிறது. ஆனால் சொல்லை மாற்றிவிட்டுப் படிக்கட்டை அப்படியே வைத்திருக்கும் ஒரு தாலுகா ஆபீசில் 'மாற்றுத்திறன்' என்பது அந்தப் படியில் தவழ்ந்து ஏறுவதாகத்தான் முடியும். திறனை நிரூபித்தால்தான் இடம் என்கிற நிபந்தனையும் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. திறன் எதுவும் காட்டாத உயிருக்கும் இடம் வேண்டுமே.

பிள்ளை லோகாசாரியரின் மரபில் ஒரு துணிச்சலான கருத்து உண்டு: இறைவன் அடியவனின் குறையைப் பொறுத்துக்கொள்பவன் மட்டுமல்ல, அந்தக் குறையையே விரும்பி ஏற்பவன், ஈன்ற கன்றின்மேல் இருக்கும் அழுக்கைப் பசு நக்குவதுபோல. தத்துவமாக இதைவிட மேலே போவது கடினம். ஆனால் நக்கி முடித்த பிறகு பசுவின் கன்று எழுந்து நடந்துவிடுகிறது. எழாத கன்றைப் பற்றி உவமை பேசுவதில்லை. பேசவேண்டியது அதைத்தான். முயற்சி வேண்டும் என்றால் அந்தக் குட்டி ஒரு நாளில் எழுந்து விழுகிற தடவைகளை எந்தக் குரங்கும் முயன்றிருக்காது. அருள் வேண்டும் என்றால் அதற்குத் தேவைப்படும் அருள் ஒரு சாக்கு, ஒரு செங்கல், ஒரு கனத்த தட்டு. இரண்டு நியாயங்களுக்கும் நடுவே கிடப்பது தரை. தரையை யார் போடுவது என்பது இறையியல் கேள்வியாக இருந்ததில்லை. அரசியல் கேள்வியாக இனிமேலாவது இருக்கவேண்டும்.