தம்பூராவும் மோக் யந்திரமும்

எங்கள் வீட்டில் ஒரு தம்பூரா இருந்தது. அம்மாவுடையது. நான் காலேஜில் சேர்ந்த வருஷம், சம்பளம் கட்டுவதற்காக அது விலைக்குப் போயிற்று. கூடத்து மூலையில் அது சாய்ந்திருந்த இடத்தில், சுவரில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் வெகு காலம் இருந்தது. சங்கீதம் தெரியாத நான் மின்சார சங்கீதத்தின் சரித்திரத்தில் மூக்கை நுழைத்ததற்கு அந்தத் தம்பூராதான் காரணம்.

என் அக்காள் மகனுக்குக் கம்ப்யூட்டரில் புதுப்புது ஓசைகளைச் செய்து பார்ப்பதில் பித்து. ஒரு நாள் ஏதோ ஒன்றை ஒலிக்க விட்டு, "இதன் தலைப்பைப் படியுங்கள், மாமா" என்றான். 'முன்பொரு சமயம் தம்பூரா மீட்டினேன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. செய்தவர் ஐ. எஸ். மாதுர். செய்த இடம் ஆமதாபாத். காலம் 1969-க்கும் 1972-க்கும் நடுவில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மில் அநேகர் டிரான்ஸிஸ்டர் ரேடியோவையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அல்லவா அது!

அமெரிக்காவில் ராபர்ட் மோக் என்ற என்ஜினீயர் 1964-ஆம் வருஷம் ஹெர்பர்ட் டாய்ச் என்ற சங்கீதக்காரருடன் சேர்ந்து ஒரு யந்திரம் செய்தார். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'மூக்' என்று வரும். 'மோக்' என்பதே சரி. அதைக் கண்டவர்கள் மோகம் கொண்டதில் தப்பில்லை. பார்வைக்கு அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இருக்கும். எங்கு பார்த்தாலும் துவாரங்கள், திருகுகள், துவாரத்துக்குத் துவாரம் தொங்கும் வயர்கள். ஒரு பெட்டி பச்சையாக ஓர் ஒலியைக் கிளப்பும். அதன் அலையை வரைந்தால் ரம்பப் பல் போல இருக்கும். சகல உபஸ்வரங்களும் அதில் அடக்கம். அடுத்த பெட்டி வடிகட்டி. வேண்டாத மேல் ஸ்வரங்களைச் சீவி எறியும். மற்றொன்று ஒலி எப்படிப் பிறந்து எப்படி அடங்க வேண்டும் என்று உத்தரவு போடும். மிருதங்கத்தில் தட்டினதுமே ஒலி உச்சத்துக்குப் போய் விழுகிறது. நாகஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை நிற்கிறது. வித்தியாசத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இந்த யந்திரத்துக்கு ஞாபகசக்தி மட்டும் கிடையாது. வயர்களைப் பிடுங்கினால் ஒலி போயிற்று. அறையின் சூடு மாறினால் ஸ்ருதி நழுவும். ஒலி பிழைக்க வேண்டுமானால் டேப்பில் பிடித்தால்தான் உண்டு.

இது ஆமதாபாத்துக்கு வந்த கதை வேடிக்கையானது. கீதா சாராபாய் என்ற பெண்மணி பக்வாஜ் வாசிப்பவர்; விக்ரம் சாராபாயின் சகோதரி; சென்னை ரசிகர்கள் அறிந்த மிருணாளினிக்கு நாத்தனார். 1946-இல் இவர் நியூயார்க்கில் ஜான் கேஜிடம் மேனாட்டு சங்கீதம் படித்தார். சம்பளம் என்ன தெரியுமா? நம் சங்கீதத்தைக் கேஜுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான்! அந்தக் கேஜின் சிநேகிதர் டேவிட் டியூடர். பியானோ முன் உட்கார்ந்து நாலு நிமிஷம் முப்பத்து மூன்று விநாடி ஒன்றுமே வாசிக்காமல் எழுந்து, 1952-இல் கேஜின் மௌன கிருதியை அரங்கேற்றியவர். அவர்தான் 1969-இல் ஆமதாபாத்துக்கு வந்து, நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆப் டிசைனில் மோக் யந்திரத்தை நிறுவினார்.

அதன் முன் உட்கார்ந்தவர்கள் கீதா சாராபாய், மாதுர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா. அந்த யந்திரத்துக்கு எல்லோருமே புதியவர்கள். இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று சொல்ல நம் நாட்டில் அதற்கு ஒரு சம்பிரதாயம் இல்லை. அந்த யந்திரத்தில் பறவைகள் பிறந்தன. ஒருவர் விண்வெளிக் கப்பலைச் செய்தார். மாதுர் தம்பூராவைத் தேடினார். சில வருஷங்களில் அந்த ஸ்டூடியோ ஓய்ந்தது. டேப்புகள் அலமாரியில் உறங்கின. 2017-இல் பால் பர்கஸ் என்ற சங்கீதக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். 2023-இல் அவை ஆல்பமாக வெளிவந்தன.

இடையில் யந்திரங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. 1978-இல் வந்த பிராபெட்-5, நாற்பது ஒலிகளை நினைவில் வைத்துக்கொண்டது. 1983-இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்தது. அதில் சொந்த ஒலி செய்வது பிரம்மப் பிரயத்தனம். ஆகையால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் கம்பெனி போட்டுக் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். ரெடிமேட் சட்டை சௌகரியம்தான். ஆனால் தெருவில் எதிரே வருகிறவரும் அதையே போட்டிருப்பார்.

எனக்கும் ஆசை விடவில்லை. பழைய மோக்கைப் போலவே நடிக்கும் ஒரு சாதனத்தைப் பையன் கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்தான். அம்மாவின் தம்பூராவைச் செய்யப் புறப்பட்டேன். முதல் இரவு கிடைத்தது மாவு மில். அதையும் பத்திரப்படுத்தத் தெரியாமல் மூடி, தொலைத்தேன்.

இரண்டாம் இரவு ஒரு விஷயம் புரிந்தது. சாரணி, அனுசாரணி என்று இரண்டு தந்திகள் ஒரே ஸட்ஜத்தில் இருந்தாலும், மயிரிழை விலகினால் நடுவே ஓர் அலை எழும்பும். ஆகவே இரண்டு ரம்பப் பற்களை எடுத்து, ஒன்றை இம்மி பிசகாக வைத்தேன். மாவு மில் போய் ஒரு கார்வை வந்தது.

மூன்றாம் இரவு ஜீவாவின் ஞாபகம் வந்தது. குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் அம்மா ஒரு நூலிழையைச் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தி நகர்த்திக் கேட்பாள். மற்ற பல தந்தி வாத்தியங்களில் மீட்டிய கணத்தில்தான் ஒலி பிரகாசமாக இருக்கும். தம்பூராவில், அந்த நூலினால், கிணுகிணுப்பு மீட்டிய பிறகு மெல்ல மலருகிறது. நானோ வடிகட்டியை எடுத்த எடுப்பிலேயே திறந்து வைத்திருந்தேன்! திருகைத் திருப்பி, ஒலி பிறந்த பிறகு அது மெதுவாகத் திறக்கும்படி செய்தேன்.

தம்பூரா வரவில்லை. பித்தளைச் செம்புக்குள் குளவி சுற்றுகிற மாதிரி ஒன்று வந்தது. ஆனால் அந்தக் குளவிக்கு ஒரு சாயல் இருந்தது. கூடத்து மூலையைத் திரும்பிப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களோ, மாட்டீர்களோ.

பையன் எட்டிப் பார்த்தான். "இதையாவது சேமித்து வையுங்கள், மாமா. பெயர் கேட்கிறது பாருங்கள், என்ன போடட்டும்?"

அம்மாவின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

"குளவி என்று போடு" என்றேன்.